கையடக்க நட்சத்திர வட்டும் கஸ்டம்ஸ் கோடும்: செட்டிநாட்டிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்தில் பள்ளிக்கூட வானியல் மன்றங்களுக்கும், பரம்பரை வீடுகளைத் தங்கும் விடுதியாக்கி மொட்டை மாடியில் விருந்தினருக்கு வானம் காட்டுகிறவர்களுக்கும் கொஞ்ச நாளாக ஒரே தேவை: கையில் பிடித்துச் சுழற்றிப் பார்க்கும் நட்சத்திர வட்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று கிளம்பினால் முதலில் வந்து நிற்பது ‘எந்த எச்எஸ் கோடு, எவ்வளவு டியூட்டி?’ என்ற கேள்விதான். எச்எஸ் கோடு என்பது சரக்குகளை வகைப்படுத்தச் சுங்கத்துறை வைத்திருக்கும் எண்; அதன் முதல் இரண்டு இலக்கத்தை அத்தியாயம் என்றும், முதல் நான்கு இலக்கத்தைத் தலைப்பு என்றும் சொல்வோம். இறக்குமதிக் காகிதம் எழுதுவது என் தொழில், வானம் பார்ப்பது பொழுதுபோக்கு. அதனால் இரண்டு பக்கத்துக் கேள்விகளும் என்னிடமே வருகின்றன. வந்தவற்றையும் என் பதில்களையும் இங்கே போட்டிருக்கிறேன்.

நட்சத்திர வட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டு வட்டத் தகடுகள், நடுவில் ஒரு ரிவெட். கீழ்த் தகட்டில் விண்மீன்கள் அச்சாகியிருக்கும், அதன் ஓரத்தில் பன்னிரண்டு மாதத் தேதிகளும் இருக்கும். மேல் தகட்டில் முட்டை வடிவில் ஒரு சன்னல், ஓரத்தில் மணிக் குறிகள். இன்றைய தேதியையும் இப்போதைய மணியையும் நேருக்கு நேர் வைத்தால், சன்னலுக்குள் தெரிவது இந்த நேரத்து வானம். சன்னலின் விளிம்புதான் அடிவானம். ரிவெட் இருக்கும் இடம் வானத்தின் வடதுருவம். துருவ நட்சத்திரம் அதை ஒட்டி இருக்கும். ஒரு நட்சத்திரம் நாளுக்குச் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கிறது, மாதத்துக்கு 2 மணி நேரம் ஆகிவிடும். வட்டின் சூட்சுமம் மொத்தமும் இதுதான்.

ஆங்கிலத்தில் பிளானிஸ்ஃபியர். இன்வாய்ஸ்களில் ஸ்டார் வீல், ஸ்டார் ஃபைண்டர், ஸ்கை சார்ட் என்று விற்பவர் மனம்போல எழுதியிருப்பார்கள். அந்த மனம்போக்கில்தான் பாதிப் பிரச்சினை, கீழே சொல்கிறேன்.

இதைப் பிள்ளைகளுக்கான சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் வேளை பார்த்துப் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ளும் வீடுகள் இங்கே ஏராளம். அன்று மாலை வளர்பிறை நிலா தென்மேற்கே சதயத்தின் பக்கம் நிற்கும். வட்டைச் சுழற்றி ‘இதுதான் ஆச்சி உங்கள் சதயம்’ என்று காட்டினால், பேரப்பிள்ளைகளைவிட ஆச்சிமார்தான் அதைக் கையில் வாங்கிக்கொண்டு திருப்பித் தர மறுக்கிறார்கள்.

ஒரே வரியில் சொல்லுங்கள், எந்தத் தலைப்பு?

அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ அச்சான, மின்சாரம் ஏதுமில்லாத சாதாரண நட்சத்திர வட்டு என்றால் 4905. உலகச் சுங்க அமைப்பின் பட்டியலில் அந்தத் தலைப்பு அச்சிட்ட நிலவரைபடங்கள், கடல் வரைபடங்கள், அவை போன்ற எல்லா வகை வரைபடங்கள், அட்லஸ், சுவர் வரைபடம், உருண்டை ஆகியவற்றுக்கானது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அதற்குள் இரண்டே பிரிவுகள்: புத்தக வடிவில் இருப்பது 4905 20, மற்றவை 4905 90. நம் வட்டு இரண்டாவதில் போகும். இந்தியப் பட்டியலில் இதற்குள் ‘புவியியல், நீரியல், வானியல் வரைபடங்கள்’ என்று தனி வரியே இருக்கிறது. வானியல் என்ற சொல் பட்டியலிலேயே இருக்கும்போது வேறு எங்கும் தேடி அலைய வேண்டியதில்லை.

பழைய பில்களில் 4905 91, 4905 99 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். அவை 2021 டிசம்பர் வரை இருந்த எண்கள். விற்பவர் இன்னும் பழைய எண்ணையே போட்டு அனுப்பினால் திருத்தச் சொல்லுங்கள்.

வட்டு முழுக்கப் பிளாஸ்டிக். 3926-இல் பிளாஸ்டிக் சாமான் என்று போட வேண்டாமா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. பனியில் நனைந்தாலும் ஊறாது என்பதால் இப்போது நல்ல வட்டுகள் எல்லாம் பிளாஸ்டிக்கில்தான் வருகின்றன.

பட்டியலில் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்கான ஏழாம் பகுதிக்கு இரண்டாவது குறிப்பு ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பொருளின்மேல் அச்சான படமோ எழுத்தோ அந்தப் பொருளின் முக்கியப் பயன்பாட்டுக்குச் சும்மா துணையாக மட்டும் இல்லாமல் இருந்தால், அந்தப் பொருள் 49-ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும் என்கிறது அது. தரை விரிப்பு, ஒட்டும் பிளாஸ்டிக் தாள் போன்றவற்றுக்கான 3918, 3919 மட்டும் இதற்கு விலக்கு. காகிதத்துக்கும் 48-ஆம் அத்தியாயத்தில் இதே மாதிரிக் குறிப்பு இருக்கிறது.

இதைச் சோதிக்க நான் செய்வது எளிமையானது: மனசுக்குள் அச்சை அழித்துப் பாருங்கள். நட்சத்திரம் அச்சடித்த டிபன் பாக்ஸில் அச்சை அழித்தாலும் அது டிபன் பாக்ஸ்தான், சோறு கட்டலாம். நட்சத்திர வட்டில் அச்சை அழித்தால் மிஞ்சுவது ரிவெட் அடித்த இரண்டு தகடு. விசிறிக்கொள்ளக்கூட உதவாது. ஆகவே அச்சே பொருள், 4905-தான்.

‘அச்சு’ என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. கணினி வழியாக அச்சிட்டது, புடைப்பாக அழுத்தியது, நகலெடுத்தது எல்லாம் அச்சுதான் என்று 49-ஆம் அத்தியாயத்தின் இரண்டாவது குறிப்பு சொல்கிறது. ஆஃப்செட்டா டிஜிட்டலா என்ற கவலையும் வேண்டாம்.

சுழற்றினால் உதிக்கும் நேரம், மறையும் நேரம் தெரிகிறதே. இது கருவி இல்லையா? 90-ஆம் அத்தியாயம் வராதா?

நல்ல சந்தேகம், இதில் கொஞ்சம் நிற்கலாம். கருவி என்று வாதாட மூன்று தலைப்புகள் இருக்கின்றன.

முதலாவது 9005. தொலைநோக்கி, பைனாகுலர், பிற வானியல் கருவிகள் வரும் இடம். அங்கே பேசப்படுபவை வானத்தை உற்று நோக்கவும் அளக்கவும் ஆன கருவிகள். நம் வட்டு எதையும் பார்ப்பதில்லை, அளப்பதுமில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். அந்த வேலைக்குப் பெயர் வரைபடம்.

இரண்டாவது 9017. வரைகருவிகள், கணக்கிடும் கருவிகள், ஸ்லைடு ரூல், கணக்கு வட்டுகள் இதில் அடங்கும். மூன்றில் இதுதான் கொஞ்சம் வலுவான வாதம், ஏனென்றால் ஓரத்தில் அளவுகோல் இருக்கிறது, சுழல்கிறது, விடை சொல்கிறது. ஆனாலும் நான் ஏற்க மாட்டேன். ஓர அளவுகோல், அச்சிட்ட வானத்தின் எந்தப் பகுதியைத் திறந்துகாட்டுவது என்று தீர்மானிக்க மட்டுமே இருக்கிறது. நாம் படிப்பது எண்ணை இல்லை, படத்தை. படமே இல்லாமல் எண்கள் மட்டும் உள்ள வட்டு, உதாரணமாக நட்சத்திரத்தை வைத்து மணி கணக்கிடும் வெறும் அளவுகோல் தட்டு, வந்தால் அப்போது 9017-ஐ யோசிப்பேன்.

மூன்றாவது 9023, செய்முறை விளக்கத்துக்கான கருவிகளும் மாதிரிகளும். ‘பள்ளிக்கூடத்துக்குத்தானே, இதில் போடுங்கள்’ என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்தத் தலைப்பிலேயே ஒரு கொக்கி இருக்கிறது: விளக்கிக் காட்டுவதைத் தவிர வேறு பயனுக்குத் தகாததாக இருக்க வேண்டும். நட்சத்திர வட்டை வகுப்பில் காட்டிவிட்டு ராத்திரி மாடிக்கு எடுத்துப்போய் நிஜமாகவே பயன்படுத்தலாம். அதனால் அந்தக் கொக்கியில் மாட்டாது. புடைப்பாகச் செய்த வரைபடமும் உருண்டையும் மட்டும் 9023-க்குத்தான் போகும். சந்திரனின் பள்ளங்கள் கைக்குத் தட்டுப்படும் உருண்டை 9023, வழவழப்பான அச்சு உருண்டை 4905. விளக்கு உள்ளே எரிந்தாலும், விளையாட்டுச் சாமானாக இல்லாதவரை, அச்சு உருண்டை 4905-லேயே இருக்கும்.

‘எஜுகேஷனல் டாய்’ என்று இன்வாய்ஸில் வந்திருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். சரக்கு கிளம்புவதற்கு முன் திருத்தி வாங்குங்கள்.

பொம்மைகளின் தலைப்பு 9503. இந்தியாவில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. பணத்தோடு போனாலும் தேவலை. பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கான பொருள் என்றால் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், வெளிநாட்டுத் தயாரிப்பாளரும் அதற்கு உரிமம் எடுத்திருக்க வேண்டும். நட்சத்திர வட்டு செய்கிறவர் யாரும் அந்த உரிமத்துக்குப் போயிருக்கப் போவதில்லை. விற்பவர் அழகுக்காகப் போட்ட ஒரு சொல்லால் மொத்தப் பெட்டியும் முடங்கும்.

49-ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பே 95-ஆம் அத்தியாயப் பொருள்களை விலக்கிவிடுகிறது. எனவே அதிகாரி இதைப் பொம்மை என்று முடிவு செய்துவிட்டால், ‘அச்சுதான் முக்கியம்’ என்ற நம் வாதம் எடுபடாது. இருட்டில் மினுங்கும் மை பூசிய வட்டுகளிலும், கார்ட்டூன் முகம் போட்ட உறைகளிலும் இந்தச் சந்தேகம் சீக்கிரம் எழும். மினுங்கும் மை வானம் பார்க்கவும் உதவுகிறது என்பதால் அதற்காக மட்டும் பொம்மை ஆகிவிடாது. ஆனால் உறையில் ‘6 வயதுக்கு மேல் ஜாலி விளையாட்டு’ என்று எழுதியிருந்தால் நீங்கள் என்ன சொல்லியும் பயனில்லை.

அப்படியானால் இன்வாய்ஸில் எப்படி எழுதச் சொல்வது?

பொருள், அச்சு, மூலப்பொருள், பயன், அட்சரேகை எல்லாம் ஒரு வரியில் இருக்கட்டும். ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள், பொருள் இப்படி வர வேண்டும்: ‘அச்சிட்ட வானியல் வரைபடம், சுழலும் வட்டு வகை, பிளாஸ்டிக், மின்சாரம் இல்லாதது, வட அட்சரேகை 10 பாகைக்கு.’ கூடவே முன்பக்கம், பின்பக்கம், உறை மூன்றின் படங்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டம்ஸ் ஏஜென்ட் வெறும் பெயரை வைத்துக் கோடு போடுவார், படத்தைக் காட்டினால் யோசித்துப் போடுவார். ஐந்தொகை (வரவுசெலவுக் கணக்கு) எழுதிப் பழகிய ஊர் இது, நான் விவரிக்க வேண்டுமா!

சிவப்பு டார்ச்சும் வட்டும் சேர்ந்த பெட்டி என்றால்?

சில்லறை விற்பனைக்கென்றே சேர்த்துக் கட்டிய தொகுப்பாக இருந்தால் மொத்தத்துக்கும் ஒரே தலைப்புதான், அதன் முக்கியத் தன்மையை எது தருகிறதோ அந்தப் பொருளின் தலைப்பு. பொது விளக்க விதிகளில் 3-ஆவது விதியின் ‘ஆ’ பிரிவு இது. வட்டு பெரிசு, டார்ச் அதைப் படிக்க உதவும் சின்ன விளக்கு என்றால் 4905. விலையில் முக்கால்வாசி டார்ச்சுக்கே என்றால் கையடக்க விளக்குகளுக்கான 8513 பேச்சில் வந்துவிடும். தனித்தனிப் பெட்டியில் வந்தால் தனித்தனிக் கோடு.

புத்தகத்தின் பின்னட்டைப் பையில் வட்டு இருந்தால், புத்தகமே பிரதானம் என்கிற வரை 4901.

நட்சத்திர வரைபடம் அச்சடித்த துண்டு, குடை, கோப்பை?

துண்டு துணிதான், குடை குடைதான், கோப்பை கோப்பைதான். பிளாஸ்டிக்குக்கும் காகிதத்துக்கும் இருக்கும் அந்தச் சலுகைக் குறிப்பு துணிக்குப் பொருந்தாது.

வானத்தை நோக்கிப் பிடித்தால் நட்சத்திரத்தின் பெயர் சொல்லும் மின்னணுக் கருவி?

அது 4905 இல்லவே இல்லை. ஜிபிஎஸ், காந்தமானி, திரை, பேட்டரி என்று வேறு உலகம். உள்ளே எது முக்கிய வேலை செய்கிறது என்று பார்த்து 85 அல்லது 90-ஆம் அத்தியாயத்தில் தீர்மானிக்க வேண்டும். புளூடூத் அல்லது வைஃபை இருந்தால் தொலைத்தொடர்புத் துறையில் கம்பியில்லாக் கருவிகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவில் ஒப்புதல் தேவை. லித்தியம் பேட்டரி இருந்தால் விமானத்தில் அனுப்பத் தனி விதிகள். ஒன்றிரண்டு வாங்க இத்தனை பாடு வேண்டாம், கைப்பேசிச் செயலி அந்த வேலையைச் செய்துவிடும். வட்டின் அழகு அது சார்ஜ் கேட்காததுதான்.

சரி, மொத்தம் எவ்வளவு வரி ஆகும்?

மூன்று அடுக்கு. அடிப்படைச் சுங்க வரி, அதன்மேல் 10 சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி, பிறகு இவற்றையும் சரக்கு மதிப்பையும் கூட்டிய தொகைக்கு ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி.

இதில் ஐஜிஎஸ்டி கதை சுவாரசியமானது. ஜிஎஸ்டி வந்தபோது 4905-க்கு வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் மறுபடி பூஜ்யம் ஆக்கிவிட்டார்கள். பென்சில், நோட்டுப் புத்தகம் எல்லாம் பூஜ்யத்துக்கு வந்த அதே சுற்று.

கணக்காகப் பார்ப்போம். 200 வட்டு, ஒன்று 400 ரூபாய், சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து மதிப்பு 80,000 என்று வையுங்கள். அடிப்படை வரி 10 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால் 8,000. கூடுதல் வரி 800. ஐஜிஎஸ்டி பூஜ்யம் என்பதால் மொத்தம் 8,800. இதே சரக்கு 12 சதவீதக் காலத்தில் வந்திருந்தால் 88,800-க்கு 10,656 சேர்ந்து மொத்தம் 19,456 ஆகியிருக்கும். அடிப்படை வரி விகிதத்தைச் சரக்கு வந்து பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிப் படிவம்) போடும் நாளில் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்ஜெட்டிலும் நடுவில் வரும் அறிவிக்கைகளிலும் மாறக்கூடியது அது.

இன்னொன்று: சரக்குக் கட்டண ரசீது இல்லாவிட்டால் சரக்கு விலையில் 20 சதவீதத்தைக் கட்டணமாகவும் 1.125 சதவீதத்தைக் காப்பீடாகவும் விதிப்படி சேர்த்துவிடுவார்கள். லேசான பொருளுக்கு இது நஷ்டம். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஒன்றே ஒன்றைத் தபாலில் அனுப்பச் சொன்னால்?

‘கிஃப்ட்’ என்று எழுதினால் வரி இல்லை என்ற காலம் 2019 டிசம்பரோடு முடிந்தது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் மட்டுமே அந்தச் சலுகையில் மிஞ்சின. சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ விமானத்திலோ வரும் வரிக்குரிய பொருள்களுக்கு 9804 என்ற பொதுத் தலைப்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம், அச்சா பிளாஸ்டிக்கா என்ற விசாரணையே கிடையாது. அதற்கு இறக்குமதிக் குறியீட்டு எண்ணும் (இறக்குமதி செய்பவர் அரசிடம் வாங்கும் பதிவு எண்) வேண்டாம்.

ஆனால் ஆச்சி, நேராகச் சொல்கிறேன்: தம்பி அடுத்த முறை திருச்சிக்கு விமானத்தில் வரும்போது பையில் போட்டுக் கொண்டுவரட்டும். பயணிகளுக்கான இலவச வரம்புக்குள் ஒரு வட்டு அடங்கிவிடும். நாற்பது வட்டைப் பையில் அடுக்கிக்கொண்டு வந்து ‘சொந்த உபயோகம்’ என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வானத்துப் படம்தானே, தடைசெய்யப்பட்ட பொருளாக ஆகிவிடுமா?

ஆகலாம், வட்டின் பின்பக்கத்தால். இந்தியாவின் வெளி எல்லைகளைத் தவறாகக் காட்டும் வரைபடங்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. வட்டின் பின்னால் நேர மண்டலம் காட்டவோ அட்சரேகை காட்டவோ ஒரு குட்டி உலகப் படம் போடுவது தயாரிப்பாளர்கள் பலரின் பழக்கம். அதில் ஜம்மு காஷ்மீர் பக்கம் கோடு வேறு மாதிரி இருந்தால், முன்பக்கத்து வானம் எவ்வளவு சரியாக இருந்தும் உதவாது. பின்பக்கப் படத்தை முன்னதாகவே கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகவும்தான். எல்லைக் கோடே இல்லாமல் கண்டங்களின் வடிவம் மட்டும் இருக்கும் பதிப்பைக் கேளுங்கள்.

அமெரிக்க விற்பனையாளர் அவர்கள் ஊர் கஸ்டம்ஸ் கொடுத்த தீர்ப்புக் கடிதத்தை அனுப்பியிருக்கிறார். அது இங்கே செல்லுமா?

செல்லாது, ஆனால் தூக்கிப் போடாதீர்கள். அமெரிக்கச் சுங்கத்துறை இப்படிப்பட்ட முன்தீர்ப்புக் கடிதங்களைப் பொதுத் தளத்தில் வெளியிடுகிறது. முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது என்பதால், அவர்கள் எந்தக் குறிப்பை வைத்து எப்படி யோசித்தார்கள் என்பது நம் வாதத்துக்குப் பலம். இந்திய அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. அவர்களின் பத்து இலக்க எண்ணை அப்படியே நம் படிவத்தில் எழுதவும் கூடாது, நமக்கு எட்டு இலக்கம்தான்.

இந்தியாவிலேயே முன்கூட்டித் தீர்ப்பு வாங்க முடியாதா?

முடியும். சுங்க முன்தீர்ப்பு ஆணையம் டெல்லியிலும் மும்பையிலும் இயங்குகிறது. விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய். கிடைக்கும் தீர்ப்பு விண்ணப்பித்தவரையும் சம்பந்தப்பட்ட அதிகாரிகளையும் கட்டுப்படுத்தும், குறிப்பிட்ட சில வருடங்கள் செல்லும். 200 அட்டை வட்டுக்கு இது தேவையில்லை. ஆயிரக்கணக்கில், அதுவும் டார்ச் சேர்ந்த தொகுப்பாகவோ மின்னணுக் கருவியாகவோ வரவழைக்கப் போகிறீர்கள் என்றால் 10,000 செலவழிப்பது புத்திசாலித்தனம். 2011 முதல் நாமே கோடு போட்டு நாமே வரி கணக்கிடும் முறைதான். தப்பாகப் போட்டால் சாதாரணமாக இரண்டு வருடம் வரையும், மறைத்தார்கள் என்று கருதினால் ஐந்து வருடம் வரையும் சுங்கத்துறை பாக்கி வரியைத் திரும்பிக் கேட்கலாம்.

கடையில் விற்க வேறென்ன வேண்டும்?

இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண், கட்டணம் 500 ரூபாய், ஆன்லைனிலேயே கிடைக்கும். ஒவ்வொரு உறையிலும் இறக்குமதியாளர் பெயர் முகவரி, தயாரான நாடு, மாதம் வருடம், எம்ஆர்பி, புகார் தொடர்பு விவரம் ஒட்ட வேண்டும். எடையளவுச் சட்டத்தின் விதி அது. ஸ்டிக்கரை வட்டின் சன்னல்மேல் ஒட்டாதீர்கள், பிய்க்கும்போது அச்சும் கூட வரும்.

காரைக்குடி பழஞ்சாமான் கடையில் பழைய நட்சத்திரப் படம் ஒன்று கிடைத்தது. வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பலாமா?

நூறு வருடம் தாண்டியிருந்தால் அது தொல்பொருள், தனியார் யாரும் ஏற்றுமதி செய்யக் கூடாது. கையெழுத்துச் சுவடி வகை என்றால் 75 வருடமே போதும். 1972 தொல்பொருள் சட்டத்தின் விதி இது. வயது சந்தேகமாக இருந்தால் தொல்லியல் துறையில் ‘இது தொல்பொருள் இல்லை’ என்ற சான்று வாங்கிய பிறகே பார்சல் கட்டுங்கள்.

எந்த வட்டை வாங்கினாலும் இங்கே வேலை செய்யுமா?

செய்யாது. டியூட்டி கணக்கு பார்ப்பதற்கு முன்னாலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும், ஏனோ எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

வட்டின் சன்னல் ஒரு குறிப்பிட்ட அட்சரேகைக்கு வெட்டப்பட்டது. காரைக்குடி வட அட்சரேகை 10 பாகையில் இருக்கிறது, அதனால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில்தான் தெரியும். பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரே மறைத்துவிடும். லண்டனுக்குச் செய்த வட்டு 51.5 பாகைக்கானது. அதில் வான நடுவரைக்கு (பூமத்தியரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) தெற்கே சுமார் 38 பாகைக்கு அப்பால் எதுவும் இருக்காது. நமக்கோ மாசி மாத இரவில் அகத்திய நட்சத்திரம் தெற்கே 27 பாகை உயரத்தில் பளிச்சென்று நிற்கிறது, மே நடுவில் இரவு 9 மணிக்குத் தென்சிலுவை 20 பாகை உயரம் வருகிறது. லண்டன் வட்டில் இரண்டுமே கிடையாது. 40 பாகை வட்டிலும் கிடையாது. 30 பாகை வட்டில் அகத்தியர் அடிவானத்தை ஒட்டித் தலைகாட்டுவார்.

நமக்கு வேண்டியது 10 பாகைக்கானது, அல்லது பூமத்தியரேகைப் பகுதிக்கென்று செய்தது. அதிலும் இரண்டு பக்க வட்டாகப் பாருங்கள்: ஒரு பக்கம் வடக்கு வானம், மறுபக்கம் தெற்கு. ஒரே பக்கத்தில் முழு வானத்தையும் வடதுருவத்தை மையமாக வைத்து வரைந்தால், தெற்கே போகப் போக மண்டலங்கள் அகலவாக்கில் இழுபட்டு, விருச்சிகம் அடையாளமே தெரியாமல் போய்விடும்.

வட்டில் மணி வைக்கும்போது நம் கடிகார நேரத்தையே வைக்கலாமா?

வைக்கலாம், சின்னத் திருத்தத்தோடு. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கானது, காரைக்குடி 78.8-இல் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் வீதம் சுமார் 15 நிமிடம் கடிகாரத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். கோடை நேரம் என்று இரண்டாவது மணி வரிசை இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், நமக்கு அது இல்லை.

இவ்வளவு பாடுபட்டு இறக்குமதி செய்வதைவிட இங்கேயே அச்சடித்தால் என்ன?

என்னைக் கேட்டால் பள்ளிகளுக்கு அதுதான் சரி. தொழிலுக்கு விரோதமான யோசனைதான், இருந்தாலும் சொல்கிறேன். 10 பாகை வட்டு வெளிநாட்டில் அரிதாகவே கிடைக்கிறது. சிவகாசி கிட்டத்தில் இருக்கிறது. வருடா வருடம் ஊருக்கெல்லாம் காலண்டர் அடிக்கும் அச்சகங்களுக்கு வட்டமாக டை கட்டிங் செய்து ரிவெட் அடிப்பது பெரிய விஷயமே இல்லை. தமிழிலேயே கார்த்திகை, ரோகிணி, மகம், கேட்டை என்று பெயர் போட்டுக்கொள்ளலாம். 15 நிமிடத் திருத்தத்தையும் மணி வரிசையிலேயே சேர்த்து வரைந்துவிடலாம், பிள்ளைகள் கழிக்க வேண்டியதில்லை.

கஸ்டம்ஸ் இல்லை, ஆனால் கோடு விடாது. வரைபடத்தை நீங்கள் கொடுத்து அச்சகம் தன் அட்டையில் அடித்துத் தந்தால், அவர்கள் உங்களுக்குப் போடும் பில் பொருள் விற்பனை இல்லை, அச்சுச் சேவை. 9989 என்ற சேவைக் குறியீட்டில் ஜிஎஸ்டியோடு வரும். 2017 அக்டோபரில் வந்த சுற்றறிக்கை அப்படிச் சொல்கிறது. அதே வட்டை நீங்கள் பள்ளிக்கு விற்கும்போது உங்கள் பில்லில் 4905, வரி பூஜ்யம். இரண்டையும் குழப்பிக்கொண்டு அச்சகத்தில் ‘வரைபடத்துக்கு ஏன் ஜிஎஸ்டி போட்டாய்’ என்று சண்டைக்குப் போகாதீர்கள்.